ஆர்சியில் என் பெயர்

குழுக்கடனில் எடுத்தது என்பதால்
குட்டியானையின் ஆர்சியில் என் பெயர்.
துடைக்கத் தொட்டதைத் தவிர
ஸ்டியரிங்கை நான் தொட்டதில்லை.
விற்கக் கையெழுத்து வேண்டும் என்று
மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப் போனார் எட்பர்ட்,
வழியெல்லாம் வண்டியைக் குறை சொல்லிக்கொண்டு,
அதற்குக் கேட்காத குரலில்.

குறை ஒன்றுதான்.
சுமக்கும், இழுக்காது.
இருபது மூட்டை சிமெண்டும் மேலே நாலு ஆளுமாய்
வேர்க்கிளம்பி ஏற்றத்தை முக்கி ஏறிவிடும்.
கலவை மெஷினைப் பின்னால் கட்டினாலோ
முன்சக்கரம் தரையை மறந்துவிடும்.
அதனால் றாபியின் டிராக்டர்,
நடைக்கு எண்ணூறு.
போனால் ஒரு நடை, வந்தால் ஒரு நடை.
ஆறு மணிக் கான்கிரீட்டுக்கு
எட்டரைக்கு வருவான், பல் தேய்க்காமல்.
பள்ளியாடியில் ஒரு வீட்டுக்காரர்
நல்லநேரம் போச்சே என்று
வைத்த பாயசத்தை எங்களுக்குத் தரவேயில்லை.

பம்மத்தில், பாலம் இறங்கும் இடத்தில்
செலஸ்டினின் யார்டு.
பதினொன்றாம் வருடப் பொலேரோ பிக்கப். வெள்ளை,
இடப்பக்கக் கதவு மட்டும் வேறு வெள்ளை.
"சிங்கிள் ஓனர். வாத்தியார் வண்டி."
வாத்தியாருக்கு பிக்கப் எதற்கு என்று
எட்பர்ட் கேட்கவில்லை.
பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

நான் பின்னால் போய்க் குத்தவைத்தேன்.
பட்டறையில் கனமாய் வெல்டிங் வைத்த கொக்கி.
பின் போடுகிற ஓட்டை வட்டமாய் இல்லை,
மாங்கொட்டைபோல ஒருபக்கம் நீண்டு கிடந்தது.
"வாத்தியார் எதை இழுத்தாரு?" என்றேன்.
செலஸ்டின் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

கிளட்ச் பிளேட்டுக்கு ஒன்பது,
பின் பட்டாவுக்கு ஆறு.
பதினைந்தாயிரம் குறைந்தது.
எங்கள் வண்டியும், கூட ஒரு லட்சத்து இருபதும்.
இருபத்தொன்பதாம் படிவம், முப்பதாம் படிவம்,
பெருக்கல் போட்ட இடத்தில் எல்லாம் நான்.

பழையதைக் காலி பண்ணினோம்.
டீசல் பில்கள், ரசமட்டக் குழாய்,
போன வருடக் குருத்தோலைச் சிலுவை,
சீட்டுக்கு அடியில் மகளின் ஒற்றைக் கொலுசு.
இதற்காக அவளை அடித்திருக்கிறேன்.

புதியதின் டேஷ்போர்டில்
யாரோ ஒரு சாமி இருந்த பசைத்தடம்.
எந்தச் சாமி என்று தெரியவில்லை.
அதன்மேல் சிலுவையை வைக்க மனம் வராமல்
கண்ணாடிக்கு மேலே செருகினேன்.

இழுக்கிறது.
ஏற்றத்திலும் இழுக்கிறது.
ரிவர்ஸ்தான் வரவில்லை.
இடத்தே ஒடித்தால் மெஷின் வலத்தே போகிறது,
வலத்தே ஒடித்தால் சிசிலியின் மதிலுக்கு.
"அந்தப்பக்கம் போவணும்னா இந்தப்பக்கம் ஒடியும்!"
சந்தில் நின்று கத்துகிறேன்.
இந்த மனுசனிடம் இருபத்திரண்டு வருடமாய்
இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.
மெஷின் மேல் கைவைத்து நிற்கும் நிரஞ்சன் சிரிக்கிறான்.
ஒடிசாவிலிருந்து வந்தவனுக்கு
இவ்வளவு தமிழ் எப்போது வந்தது?

நேற்று அழகியமண்டபம் திருப்பத்தில்
பின்னால் ஒரு ஹாரன்,
தொண்டை கட்டின ஆட்டுக்குட்டிபோல.
திரும்பாமலே தெரிந்தது.
சக்கை ஏற்றி, புதுத் தார்ப்பாய் போட்டு,
வண்டியையும் மெஷினையும் ஒரே மூச்சில்
முந்திப் போனது.
எட்பர்ட் பார்க்கவில்லை.
பின்னால் ஒன்றைக் கட்டியிருந்தால்
பிரேக்கை முன்கூட்டியே நினைக்க வேண்டும்.

பெயர் மாற்ற
இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார் செலஸ்டின்.
அதுவரை அந்தச் சக்கையெல்லாம்
என் பெயரில்தான் சந்தைக்குப் போகிறது.